கணினிக்குச் சதுரங்கம் கற்பித்த அலன் டூரிங்

சதுரங்கத்தில் இயந்திரம் மனிதனை வெல்வது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. மன்னார் நகருக்கு அண்மையிலுள்ள கீரிக் கடற்கரையில் ஒரு சிறுவன் தன் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்திருக்கும் சதுரங்கச் செயலி, உலகச் சம்பியனையே தோற்கடிக்கும் வல்லமை கொண்டது. 1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் கணினி கரி கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் வென்றபோது உலகம் திகைத்தது. அந்தத் திகைப்பு அடங்கி வெகுகாலமாகிவிட்டது.

ஆனால், இந்தக் கதை டீப் புளூவுடன் தொடங்கவில்லை. கணினி என்னும் பொருளே உருப்பெறாத நாட்களில், அதற்குச் சதுரங்கம் கற்பிக்க முடியுமா என்று சிந்தித்த மனிதர் ஒருவர் இருந்தார். ஓடுவதற்கு இயந்திரம் கிடைக்காத நிலையில், தாளும் பென்சிலும் கொண்டு தாமே இயந்திரமாக அமர்ந்து ஆடினார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். அவரே பிரித்தானியக் கணித மேதை அலன் மதிசன் டூரிங். அவருடைய குடும்ப வேர்களில் ஒரு பகுதி நமக்கு அயலான தமிழ்நாட்டு மண்ணில் ஓடியிருப்பதை நம்மவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

டூரிங்கின் தாயார் எதெல் சாரா ஸ்டோனி 1881ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்ட் வோலர் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின் மீது பாலம் அமைத்த பணியில் பெயர் பெற்றதோடு, ஓசையின்றி இயங்கும் பங்கா விசிறிச் சக்கரம் ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றவர். மின்னணுவுக்கு எலக்ட்ரோன் என்னும் பெயரை 1891இல் வழங்கிய அயர்லாந்து அறிஞர் ஜோர்ஜ் ஜோன்ஸ்டன் ஸ்டோனியும் இக்குடும்பத்துக்குத் தூரத்து உறவினரே. டூரிங்கின் தந்தை ஜூலியஸ் டூரிங் இந்திய சிவில் சேவை அதிகாரி. அச்சேவைக்கான பயிற்சியில் அவர் கற்ற பாடங்களுள் தமிழும் ஒன்று. 1896இல் மதராஸ் மாகாணத்திற்கு வந்து பல்லாரி, கர்நூல், விசாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களில் பணியாற்றினார். ஜூலியசும் எதெல் சாராவும் 1907இல் தாயகம் திரும்பும் கப்பல் பயணத்தில் சந்தித்து, அவ்வாண்டே டப்ளினில் மணம் புரிந்தனர். மூத்த மகன் ஜோன் 1908இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் பிறந்தார்.

இளைய மகன் அலன் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி லண்டனில் பிறந்தார். அப்போது தந்தை இன்றைய ஒடிசாவின் சத்ரபூரில் பணியில் இருந்தார். இந்தியாவின் வெப்பமும் நோய்களும் குழந்தைகளுக்கு ஒவ்வா என்று கருதிய பெற்றோர், பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். அலன் அப்போது சின்னஞ்சிறு குழந்தை. தாய் இடையிடையே வந்து தங்கிச் செல்வார். தந்தையின் வருகை அதனினும் அரிது. எதெல் சாராவும் சிறு வயதில் இவ்வாறே அயர்லாந்திலுள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டு வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆளும் இனத்தின் செல்வாக்கு மிக்க குடும்பங்களிலும் கடல் இவ்வாறு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. தாய் மத்திய கிழக்கில் பணிபுரிய, அம்மம்மாவின் அரவணைப்பில் வளரும் பிள்ளைகளை நமது கரையோரக் கிராமங்களில் காணும் எமக்கு, அந்தப் பிரிவின் சுமையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

பாடசாலையில் அலன் ஆசிரியர்களுக்குப் பெருஞ்சிக்கலாகவே விளங்கினார். கையெழுத்து அலங்கோலம், இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் நாட்டமில்லை, கணிதத்திலோ கற்பித்த வழியை விட்டுத் தாமே புதுவழி தேடுவார். 1926இல் ஷெர்போர்ன் பாடசாலையில் சேர வேண்டிய நாளில் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தால் ரயில்கள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் துவிச்சக்கரவண்டியில் ஏறி, இடையில் ஓர் இரவு தங்கி, ஏறத்தாழ 60 மைல் பயணம் செய்து பாடசாலையை அடைந்தான். அங்கே அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் கிறிஸ்தோபர் மோர்கம். விஞ்ஞானத்தில் தம்மை ஒத்த ஆர்வமுடைய அந்த நண்பர் 1930ஆம் ஆண்டு பெப்ரவரியில் காசநோயால் மரணமடைந்தார். அந்த இழப்பு அலனை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. உடல் அழிந்தபின் ஒருவரது மனம் என்னவாகிறது, மனம் என்பது உடலை எவ்வாறு பற்றி நிற்கிறது என்னும் வினாக்கள் அந்த இளம் வயதிலேயே அவருள் வேரூன்றின.

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935இல் அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றைய கணினி யுகத்தின் தோற்றுவாய்களில் ஒன்று. கணிதக் கூற்று ஒன்றை மெய்ப்பிக்க முடியுமா என்பதை இயந்திர முறையில் தீர்மானிக்கும் பொது வழி உண்டா என்பதே அன்றைய கணித உலகின் பெரும் வினா. டூரிங் கணக்கிடும் மனிதனைக் கூர்ந்து நோக்கினார். அவன் தாளில் ஒரு குறியீட்டைப் பார்க்கிறான். மனத்தில் உள்ள விதிக்கேற்ப அதை மாற்றுகிறான். அடுத்த குறியீட்டுக்கு நகர்கிறான். இதையே செய்யும் கற்பனை இயந்திரம் ஒன்றை அவர் வகுத்தார். கட்டளைகளை மாற்றினால் எந்தக் கணிப்பையும் செய்யவல்ல பொது இயந்திரம் ஒன்று சாத்தியம் என்று காட்டினார். அதே வேளை, எந்த இயந்திரத்தாலும் தீர்க்கவியலாத வினாக்களும் உண்டு என்பதை நிறுவினார். பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலொன்சோ சேர்ச்சின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1938இல் நாடு திரும்பினார்.

1939 செப்டெம்பரில் போர் மூண்டது. போர் அறிவிக்கப்பட்ட மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் இரகசிய நிலையத்தில் பணியேற்றார். ஜேர்மனியப் படைகளின் எனிக்மா சங்கேதங்களை உடைப்பதே அங்கே வேலை. போலந்துக் கணித அறிஞர்கள் போருக்கு முன்னரே அச்சங்கேதத்தை ஊடுருவி வழி காட்டியிருந்தனர். அவர்களது அனுபவத்தின் மீது நின்று, டூரிங் பொம்பே என்னும் பெரிய மின்பொறியை வடிவமைத்தார்; கோர்டன் வெல்ச்மன் அதை மேலும் செம்மைப்படுத்தினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் பயன்படுத்திய கடற்படைச் சங்கேதத்தை உடைக்கும் பிரிவுக்கு டூரிங் தலைமை வகித்தார். அத்திலாந்திக் கடல்வழியே உணவும் தளபாடங்களும் பிரித்தானியாவை அடைவதற்கு அந்தப் பணி பேருதவி புரிந்தது.

டூரிங்கின் வாழ்வில் சதுரங்கம் ஆழமாகக் கலந்ததும் இங்கேதான். 1939இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் சதுரங்க ஒலிம்பியாட் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே போர் வெடித்தது. இங்கிலாந்து அணி போட்டியை இடைநடுவில் விட்டு நாடு திரும்பியது. அந்த அணியின் ஹக் அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர் பரி, ஹரி கோலம்பெக் ஆகிய மூவரும் பிளெட்ச்லி பார்க்கில் வந்து சேர்ந்தனர். சங்கேதத்தை உடைப்பவனுக்கும் சதுரங்கம் ஆடுபவனுக்கும் தேவைப்படும் பொறுமையும் கற்பனையும் ஒன்றே என்று அங்கிருந்தோர் கருதினர். ஆளணியும் கருவிகளும் போதாமல் பணி தடைப்பட்டபோது, 1941 அக்டோபரில் நால்வர் கையொப்பமிட்டுப் பிரதமர் சேர்ச்சிலுக்கு நேரடியாக ஒரு கடிதம் அனுப்பினர். டூரிங், வெல்ச்மன் ஆகியோரோடு ஒப்பமிட்ட மற்ற இருவர் அலெக்சாண்டரும் மில்னர் பரியும். கடிதத்தைக் கையில் எடுத்துச் சென்றவர் மில்னர் பரியே. கேட்டவை கிடைத்தன.

இத்தகைய வல்லுநர்கள் நடுவே டூரிங் மிகச் சாதாரணமான ஆட்டக்காரர். அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில் கோலம்பெக் பலகையைத் திருப்பி வைத்து, டூரிங் கைவிட்ட காய்களைக் கொண்டே வென்று காட்டினார் என்றொரு செய்தி உண்டு. ஆயினும், வெல்வதைவிட வேறொரு வினாவே டூரிங்கை ஈர்த்தது. நல்ல ஆட்டக்காரன் தன் மனத்தில் என்ன செய்கிறான்? அதை விதிகளாக எழுத முடியுமா? எழுத முடிந்தால் இயந்திரம் அதைச் செய்யாதா? போர்க்காலத்து ஓய்வு வேளைகளில் இளம் உதவியாளர் டொனால்ட் மிச்சி, புள்ளியியலாளர் ஜக் குட் ஆகியோருடன் இதைப் பற்றி அவர் பலமுறை உரையாடினார். 1943இல் இரகசியப் பணி நிமித்தம் அமெரிக்கா சென்றிருந்தபோது, தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் பின்னர் போற்றப்பட்ட குளோட் ஷனனைச் சந்தித்தார். எண்ணும் இயந்திரம் சிந்திக்குமா என்னும் வினா இருவருக்கும் பொதுவாக இருந்தது. கணினியைச் சதுரங்கம் ஆட வைப்பது எப்படி என்று ஷனன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1950இல் வெளிவந்தது.

சதுரங்கம் ஆடும் இயந்திரம் பற்றிய ஆசை அதற்கும் முந்தியது. 1770இல் ஆஸ்திரியாவின் அரசி மரியா திரேசாவின் அவையில் கெம்பலன் என்பவர் காட்டிய துருக்கியப் பொம்மை ஐரோப்பாவையே மயக்கியது. உண்மையில் அதன் பெட்டிக்குள் ஒரு மனித ஆட்டக்காரர் மறைந்திருந்தார். டூரிங் பிறந்த 1912இல் ஸ்பானியப் பொறியியலாளர் தொரெஸ் கெவெதோ உருவாக்கிய பொறி ஏமாற்று வித்தையல்ல. ஆனால், அரசனும் கோட்டையும் கொண்டு எதிரியின் தனி அரசனை முற்றுகையிடும் ஒரே ஒரு முடிவாட்டத்தையே அது அறியும். முழு ஆட்டத்தையும் ஆடவல்ல பொது இயந்திரத்தைப் பற்றி, அதை எவ்வாறு நிகழ்த்துவது என்ற தெளிவோடு சிந்தித்த முன்னோடி டூரிங்.

போருக்குப் பின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் சேர்ந்த அவர், 1945இன் இறுதியில் மின்னணுக் கணினி ஒன்றுக்கான விரிவான திட்டத்தை வரைந்தார். அதிலேயே, இயந்திரம் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் சதுரங்கத்தைச் சேர்த்திருந்தார். 1947 பெப்ரவரியில் லண்டன் கணிதச் சங்கத்தில் ஆற்றிய உரையில் இன்னொரு படி மேலே சென்றார். ஒருபோதும் தவறிழைக்கக் கூடாதென்று எதிர்பார்க்கப்படும் இயந்திரத்திடம் அறிவையும் எதிர்பார்க்க முடியாது என்பது அவர் வாதம். மனிதனுக்குக் கற்றுக்கொள்ளக் காலமும் பிறரோடு பழகும் வாய்ப்பும் தருகிறோம். இயந்திரத்துக்கும் அதே நியாயம் வேண்டும். அதற்குச் சதுரங்கப் பலகை ஒரு நல்ல தொடக்கம் என்றார்.

அடுத்த ஆண்டு எழுதிய அறிக்கையில் அவர் விவரித்த பரிசோதனை ஒன்று நமது கவனத்துக்குரியது. இரண்டு அறைகள். ஓர் அறையில் சுமாராகச் சதுரங்கம் ஆடும் ஒருவர். மற்ற அறையில் அவரோடு ஆடுவது, அவரைப் போன்ற இன்னொரு சுமாரான ஆட்டக்காரராகவும் இருக்கலாம். தாளில் எழுதிய விதிகளின்படி நகர்வுகளைக் கணித்துச் சொல்பவராகவும் இருக்கலாம். நகர்வுகள் மட்டுமே அறைக்கு அறை செல்லும். எதிரே ஆடுவது மனிதனா விதித் தாளா என்று முதலாமவர் கண்டுபிடிக்க வேண்டும். அது எளிதாக இராது என்பதே டூரிங்கின் கணிப்பு. ஆய்வுகூட மேலிடம் இந்த அறிக்கையை மதிக்கவில்லை. டூரிங்கின் வாழ்நாளில் அது அச்சேறவும் இல்லை. 1950இல் மைண்ட் என்னும் மெய்யியல் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரையில், இந்தச் சதுரங்கப் பரிசோதனையே உரையாடல் பரிசோதனையாக விரிந்தது. டூரிங் சோதனை என்று இன்று உலகம் அழைப்பது அதைத்தான். அதன் அடிப்படை எளிது. எதிரே உள்ளது எதனால் ஆனது, அதன் தோற்றம் எத்தகையது என்று பார்க்காதீர்கள். அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுங்கள் என்பதே அது.

கோட்பாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. 1948இல் நண்பரும் பொருளியல் அறிஞருமான டேவிட் சாம்பர்நவுனுடன் சேர்ந்து சதுரங்க விதித்தொகுப்பு ஒன்றை எழுதினார். இருவரது பெயர்களையும் இணைத்து அது டூரோசாம்ப் எனப்பட்டது. காலாளுக்கு 1, குதிரைக்கு 3, அமைச்சருக்கு மூன்றரை, கோட்டைக்கு 5, அரசிக்கு 10 என்று காய்களுக்குப் பெறுமானம் அளிக்கப்பட்டது. தன் நகர்வுகள் அனைத்தையும் அவற்றுக்கு எதிரி தரக்கூடிய பதில்கள் அனைத்தையும் கணித்தல் வேண்டும். காய்கள் வெட்டப்படும் நிலை தொடருமானால், அது ஓயும்வரை பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும். காய்களின் நடமாட்டச் சுதந்திரம், அரசனின் பாதுகாப்பு, காலாட்களின் முன்னேற்றம் ஆகியவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. அதிகப் புள்ளி பெறும் நகர்வே ஆடப்படும். பின்னாளில் வந்த சதுரங்க நிரல்கள் நெடுங்காலம் பின்பற்றிய அடிப்படை, ஒரு சில தாள்களில் அடங்கிய இந்த விதிகளில் ஏற்கனவே இருந்தது.

1948இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறிய டூரிங், அங்கு நிறுவப்பட்ட ஃபெரான்டி கணினியில் டூரோசாம்பை ஏற்ற முயன்றார், அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. அதே கணினியில் 1951 நவம்பரில் டீட்ரிச் பிரின்ஸ் என்பவர், இரண்டே நகர்வுகளில் முற்றுகையிடும் புதிர்களைத் தீர்க்கும் நிரலை ஓட்டிக் காட்டினார். முழு ஆட்டத்துக்கு அந்தக் கணினியின் ஆற்றல் போதவில்லை. எனவே, 1952இல் டூரிங் தாமே கணினியானார். எதிரே அமர்ந்தவர் இளம் கணினி அறிஞர் அலிக் கிளெனி. அவர் வல்லுநர் அல்லர், சாதாரண ஆட்டக்காரர். ஒவ்வொரு நகர்வுக்கும் டூரிங் ஏறத்தாழ அரைமணி நேரம் கணக்கிட்டார். தம் சொந்த அறிவு வேறொன்றைச் சொன்னாலும் விதி சொன்னதையே ஆட வேண்டும் என்பது ஒப்பந்தம். கெம்பலனின் பெட்டியில் இயந்திரத்துக்குள் மனிதன் மறைந்திருந்தான். இங்கோ மனிதன் எல்லோரும் காண இயந்திரமாக அமர்ந்திருந்தான்.

29 நகர்வுகளில் இயந்திரம் தோற்றது. காலாள் ஒன்றை வெட்டும் ஆசையில் அரசி முன்சென்று பொறியில் அகப்பட்டது. சற்றுத் தொலைவு பார்க்கத் தெரிந்த சிறுவன்கூடத் தவிர்த்திருக்கக்கூடிய பிழை அது. டூரிங் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. ஆட்டத்தின் நகர்வுகளையும் தமது விதிகளின் குறைகளையும் 1953இல் வெளிவந்த கணினி நூல் ஒன்றில் தாமே பதிவுசெய்தார். பின்னாளில் அந்த விதிகளைக் கணினியில் மீளமைத்தோர், அவர் ஆடிய சில நகர்வுகள் விதிகளோடு பொருந்தவில்லை எனக் கண்டறிந்தனர். இயந்திரமாக அமர்ந்திருந்தவருள் மனிதர் முற்றாக மறையவில்லை போலும். 2012 ஜூனில் டூரிங் நூற்றாண்டையொட்டி மன்செஸ்டரில் நடந்த மாநாட்டில், கஸ்பரோவ் அந்த மீளமைக்கப்பட்ட நிரலோடு ஆடி 16 நகர்வுகளில் வென்றார்.

கிளெனியுடன் அந்த ஆட்டம் நிகழ்ந்த 1952ஆம் ஆண்டே டூரிங்கின் வாழ்வைச் சிதைத்த ஆண்டும் ஆயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் அவருடைய வீட்டில் களவு நடந்தது. முறைப்பாடு செய்யச் சென்றவர், விசாரணையின்போது தமக்கு ஓர் ஆணுடன் உறவிருந்ததை ஒளிக்காமல் கூறினார். அன்றைய பிரித்தானியச் சட்டத்தில் அது குற்றம். களவு கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். சிறையா, உணர்ச்சிகளை ஒடுக்கும் ஹோர்மோன் சிகிச்சையா என்ற தெரிவு அவர் முன் வைக்கப்பட்டது. அவர் சிகிச்சையை ஏற்றார். ஓராண்டு நீடித்த அந்தச் சிகிச்சை அவரது உடலை உருமாற்றியது. அரசின் இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. போரில் அவர் ஆற்றிய பணி இரகசியமாகவே இருந்தமையால், நாட்டுக்கு அவர் யார் என்பதை எடுத்துரைக்க மன்றில் வழியில்லை. உடன் பணியாற்றிய ஹக் அலெக்சாண்டர் அவரது நன்னடத்தைக்குச் சாட்சியம் அளித்தார். எனினும் நடந்தவற்றை அவராலும் வெளிப்படுத்த இயலவில்லை.

1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, 42ஆவது பிறந்த தினத்துக்கு இரு வாரங்களே இருக்கையில், வில்ம்ஸ்லோவிலுள்ள தமது வீட்டில் டூரிங் மரணமடைந்தார். சயனைட் நஞ்சே காரணம். தற்கொலை என்பது மரண விசாரணையின் முடிவு. இரசாயனப் பரிசோதனைகளில் நேர்ந்த கவனக்குறைவே காரணம் எனத் தாயார் எதெல் சாரா இறுதிவரை நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றை 1959இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. ஆனால், மகன் போர்க்காலத்தில் என்ன செய்தார் என்பதை முழுமையாக அறியாமலே எழுத வேண்டியிருந்தது. பிளெட்ச்லி பார்க்கின் கதை 1970களில்தான் பகிரங்கமாயிற்று.

பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் 2009இல் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 டிசெம்பரில் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்டு இறந்த பல்லாயிரவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு அளித்தது. 2021 ஜூன் 23ஆம் திகதி, டூரிங்கின் பிறந்த நாளில், அவருடைய உருவம் தாங்கிய 50 பவுண் நாணயத்தாள் புழக்கத்துக்கு வந்தது. இவற்றில் எதுவும் அவரை மீட்டுத் தராது. அவருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் கிடைத்திருந்தால் கணினியியலும், இறுதிக் காலத்தில் அவர் ஈடுபட்டிருந்த உயிரினங்களின் உருவ வளர்ச்சி பற்றிய கணிதமும் எங்கே சென்றிருக்கும் என்பதை எவரும் கூறவியலாது.

இதைப் பிரித்தானியாவின் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அதே காலனித்துவச் சட்ட மரபு கடல் கடந்து நமது தண்டனைச் சட்டக்கோவையிலும் 365, 365அ பிரிவுகளாகப் பதிந்தது. இந்தியாவில் அதையொத்த 377ஆம் பிரிவு, வயது வந்தோரின் விருப்புடன் கூடிய உறவுகளைப் பொறுத்தவரை செல்லாது என 2018 செப்டெம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையில் அப்பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024இல் கலைக்கப்பட்ட அந்தப் பாராளுமன்றத்தின் காலத்தில் அது சட்டமாகவில்லை. இவ்விடயத்தில் நமது சமூகத்தில் கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும், எவருக்கும் தீங்கிழைக்காத ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றி, மருந்து என்ற பெயரால் அவரது உடலைச் சிதைத்ததில் எந்த நாடு என்ன நன்மை கண்டது என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு. இயந்திரத்தைக்கூட அதன் செயலைக் கொண்டே மதிப்பிடுங்கள் என்று கேட்டவருக்கு, அந்த நியாயம் மறுக்கப்பட்டது.

கற்பித்தல் பற்றியும் டூரிங்கின் வாழ்வில் நமக்குப் பாடம் உண்டு. வளர்ந்த மனிதனின் மனத்தை அப்படியே இயந்திரத்தில் ஆக்க முயல்வதைவிட, குழந்தையின் மனத்தைப் போன்ற ஒன்றை ஆக்கி அதைக் கற்க விடுவதே மேல் என்று அவர் 1950இல் எழுதினார். 2017இல் ஆல்பா ஸீரோ என்னும் நிரல், ஆட்ட விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடி, தோற்றுத் தோற்றுக் கற்று, சில மணி நேரங்களில் அன்றைய வலிமைமிக்க சதுரங்க நிரலான ஸ்டொக்ஃபிஷ்ஷை விஞ்சியது. பிழையிலிருந்து கற்கும் இயந்திரம் என்னும் கனவு இவ்வாறு நனவாயிற்று.

ஆனால், நமது பிள்ளைகளோ பிழை விடவே அஞ்சுகின்றனர். புலமைப்பரிசில் பரீட்சை தொடக்கம் உயர்தரம் வரை, ஒரு புள்ளி குறைந்தாலும் வீட்டில் துக்கம். புதுவழியில் கணக்குச் செய்த மாணவனுக்கு, விடை சரியாயினும், காட்டிய வழியில் செய்யவில்லை என்று புள்ளி வெட்டும் வகுப்பறைகள் இன்னும் உள்ளன. சிறந்த நகர்வு எதுவெனச் சொல்லும் கருவி கைக்குள் வந்துவிட்ட பின், தானே சிந்தித்துத் தோற்பதற்குப் பிள்ளைக்கு இடமில்லாது போகும் ஆபத்தும் சேர்ந்துள்ளது. 2024இல் 18 வயதில் உலகச் சம்பியனான சென்னையின் குகேஷ், தமது வளரும் பருவத்தில் பயிற்றுநரின் அறிவுரைப்படி கணினி நிரல்களின் துணையை நெடுநாள் தவிர்த்தே பயின்றார் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் கருத வேண்டும். கணினியைப் பகைக்கச் சொல்லவில்லை. விடையை அதனிடம் கேட்குமுன், பிள்ளை தன் விடையை எழுதிப் பார்க்கட்டும்.

மன்னார்த் தீவில் வாழும் ஒரு பிள்ளையிடமும் டூரிங்குக்கு இருந்த அலங்கோலக் கையெழுத்தும் அடங்காத கேள்விகளும் இருக்கக்கூடும். தாய் தந்தையர் தொலைவில் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குத் தேவையானவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. ஒரு சதுரங்கப் பலகையும், தோற்ற ஆட்டத்தை ஏசாமல் கூட இருந்து திரும்பப் பார்க்கும் ஓர் ஆசிரியரும் போதும். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் மாலையில் ஒரு மணி நேரம் இதற்குக் கதவு திறந்துவைத்தால், செலவின்றிச் செய்யக்கூடிய பெரும்பணியாக அது அமையும்.